தேடும் வினைகளில் ஜப்பானியர் தடுமாறும் இடங்கள்: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும், கூட வேலை பார்க்கும் ஜப்பானியரின் மின்னஞ்சலைத் திருத்தித் தருபவர்களுக்கும் இது எழுதப்பட்டது. ஜப்பானிய மொழியில் ஸகஸு, ஷிரபெரு என்ற இரண்டு வினைகள் கையில் இருந்தால் தேடுகிற வேலை எல்லாம் பேச்சில் முடிந்துவிடும். சாவியைத் தேடுவது, வேலை தேடுவது, பைக்குள் துழாவுவது எல்லாம் ஸகஸு. சொல்லுக்குப் பொருள் பார்ப்பது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்ப்பது, விபத்துக்குக் காரணம் ஆராய்வது எல்லாம் ஷிரபெரு. இதே வேலையை ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வினைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன: லுக் ஃபார், செர்ச், செர்ச் ஃபார், ஃபைண்ட், ஃபைண்ட் அவுட், லுக் அப், லுக் இன்டூ, செக், சீக், ஹன்ட், இன்வெஸ்டிகேட்.

"செர்ச் என்றால் தீவிரமாகத் தேடுவது, லுக் ஃபார் என்றால் சாதாரணமாகத் தேடுவது" என்றுதான் பெரும்பாலும் சொல்லித்தருகிறார்கள். அது முழுப் பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்ட மாணவர், தான் எவ்வளவு மும்முரமாகத் தேடினோம் என்று யோசித்து வினையைத் தேர்ந்தெடுக்கிறார். பிழை அங்கேதான் பிறக்கிறது. பார்க்க வேண்டியது மும்முரத்தை அல்ல, வினைக்கு அடுத்து நிற்கும் சொல்லை. அது பொருளா, இடமா, தகவலா? இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசிப் பிழைகள் தீர்ந்துவிடும்.

முதலில் மாணவர் எழுதியவற்றிலிருந்து தேடல் தொடர்பான 20 வாக்கியங்களைத் திரட்டுங்கள். ஒவ்வொன்றிலும் வினைக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லை அடிக்கோடிட்டு, மேலே பொருள் என்றால் "பொ", இடம் என்றால் "இ", தகவல் என்றால் "த" என்று எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு கீழே உள்ள அறிகுறிகளில் எது அதிகம் தென்படுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் ஒன்றும் தங்காது.

அறிகுறி 1: "ஐ செர்ச்ட் மை வாலெட்"

சொல்ல வந்தது, பர்ஸ் காணோம், தேடினேன் என்பது. கேட்பவர் காதில் விழுவதோ, பர்ஸைத் திறந்து உள்ளே துழாவினேன் என்பது. இதே பிழை சாவியோடு வந்தால், அதாவது "ஐ செர்ச்ட் மை கீ" என்றால், பெரிய சேதம் இல்லை. சாவிக்குள் யாரும் கையை விட முடியாது; கேட்பவர் தானே திருத்திப் புரிந்துகொள்வார். பர்ஸ், பை, கார், அறை, பெட்டி போன்றவற்றோடு வரும்போதுதான் ஆபத்து. வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கும், பொருள் மட்டும் மாறியிருக்கும். யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

காரணம் ஜப்பானியச் செயப்படுபொருள் உருபு "ஓ". சைஃபு ஓ ஸகஷித என்றால் பர்ஸைத் தேடினேன். கபன் நோ நக ஓ ஸகஷித என்றால் பைக்குள்ளே தேடினேன். காணாமல்போன பொருளுக்கும் அதே "ஓ", தேடுகிற இடத்துக்கும் அதே "ஓ". ஹெய ஓ ஸகஸு என்பதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், வாடகைக்கு அறை தேடுவதா, அறையைச் சல்லடை போட்டுச் சலிப்பதா என்று சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும். தமிழ் இந்த இடத்தில் கறாரானது. "பையைத் தேடினேன்" என்றால் பைதான் காணவில்லை. "பையில் தேடினேன்" என்றால் வேறு ஏதோ காணவில்லை. அதனால் பிழை எங்கே என்று தமிழ் ஆசிரியருக்குச் சட்டென்று புரியும். ஆனால் "சாவியை" என்ற ஐ உருபின் பழக்கத்தில் "செர்ச்சிங் மை கீ" என்று நம்மவர்களும் தாராளமாகச் சொல்கிறோம். திருத்துவதற்கு முன் உங்கள் வாக்கியத்தையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

திருத்தம் இப்படி. தாளில் இரண்டு கட்டங்கள் வரையுங்கள். முதல் கட்டத்துக்கு முன்னால் செர்ச் என்றும், இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் ஃபார் என்றும் எழுதுங்கள். முதல் கட்டம் இடத்துக்கு, இரண்டாவது பொருளுக்கு. "ஐ செர்ச்ட் மை பேக் ஃபார் மை வாலெட்." இரண்டும் நிரம்பினால் முழு வாக்கியம். இடம் தெரியாவிட்டால் முதல் கட்டத்தைக் காலியாக விடலாம், ஃபார் மட்டும் நகராது: "ஐ செர்ச்ட் ஃபார் மை வாலெட்." பொருளைச் சொல்ல வேண்டாம் என்றால் இரண்டாவது கட்டத்தை ஃபாருடன் சேர்த்து எடுத்துவிடலாம்: "ஐ செர்ச்ட் மை பேக்."

மாணவர் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஜப்பானிய வாக்கியத்தில் அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின் "நோ நக", அதாவது "உள்ளே" என்பதைச் செருகிப் பார்க்க வேண்டும். வாக்கியத்தின் அர்த்தம் மாறாமல் நின்றால் அது இடம். செர்ச் என்பதற்குப் பின் நேராக வரலாம். அர்த்தம் மாறினால் ஃபார் வேண்டும். பைக்குள்ளே என்று செருகலாம். "காணாமல்போன சாவிக்குள்ளே" என்று செருக முடியாது.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் தேவை. "த போலீஸ் செர்ச்ட் ஹிம்" என்றால் நிறுத்தி வைத்து, சட்டைப்பை, இடுப்பு எல்லாம் தடவிச் சோதித்தார்கள். "த போலீஸ் செர்ச்ட் ஃபார் ஹிம்" என்றால் ஆள் எங்கே என்று தேடினார்கள். மலையில் வழிதவறியவரைப் பற்றிய செய்தியை மொழிபெயர்க்கும்போது ஃபார் விடுபட்டால், காணாமல்போனவர் சந்தேக நபர் ஆகிவிடுவார்.

இணையத்தில் தேடுவதைச் சொல்ல "செர்ச் த இன்டர்நெட் ஃபார் சீப் ஹோட்டல்ஸ்" அல்லது "செர்ச் ஃபார் சீப் ஹோட்டல்ஸ் ஆன்லைன்". கணினிக்காரர்கள் பேச்சில் தட்டச்சு செய்யும் சொல்லையே செர்ச் என்பதற்குப் பின் நேராக வைப்பதுண்டு. எழுத்தில் ஃபார் போடுவதே பத்திரம்.

அன்றாடப் பேச்சுக்கு முதல் ஒரு மாதம் செர்ச் என்ற வினையையே ஒதுக்கி வைத்துவிடலாம். வீட்டில், கடையில், அலுவலகத்தில் பொருள் தேடும் இடமெல்லாம் லுக் ஃபார் போதும். செர்ச் தெரியாமல் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. தவறாகப் போட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அறிகுறி 2: லுக் ஃபார் தெரியும், ஆனால் ஃபார் அடிக்கடி காணாமல் போகிறது

"ஐம் லுக்கிங் ஃபார் எ புக்" என்று சரியாகச் சொல்கிறார். அடுத்த நிமிடமே "வாட் ஆர் யூ லுக்கிங்?" என்கிறார். புத்தகம் கிடைத்ததும் "திஸ் இஸ் த புக் ஐ வாஸ் லுக்கிங்" என்கிறார். இதைக் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம். எப்போது விடுகிறார் என்று பாருங்கள்: கேள்வியிலும், பெயருக்கு அடைமொழியாக வரும் வாக்கியத்திலும்தான். நேர் வாக்கியத்தில் விடுவது அரிது.

ஜப்பானியத்தில் ஹொன் ஓ ஸகஷிதெ இத என்றால் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதையே பெயரடையாகத் திருப்பினால் ஸகஷிதெ இத ஹொன் ஆகிறது. "ஓ" எங்கே போனது? கரைந்துவிட்டது. தமிழிலும் அப்படியே. "புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்" என்பதில் இருக்கும் ஐ, "நான் தேடிக்கொண்டிருந்த புத்தகம்" என்று திருப்பியதும் இல்லாமல் போகிறது. பெயர்ச்சொல் இடம் மாறினால் உருபும் கரைவதுதான் நம் இரு மொழிகளின் வழக்கம். ஆங்கிலத்தில் ஃபார் கரையாது. பெயர்ச்சொல் முன்னால் போனாலும் அது இருந்த இடத்திலேயே, வாக்கியக் கடைசியில், தனியாக நிற்கும். தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஃபார் ஜப்பானியக் கண்ணுக்குத் தேவையில்லாத வால் போலத் தெரிகிறது, வெட்டிவிடுகிறார்கள்.

இதைக் கையால் செய்து காட்டுங்கள். "ஐ வாஸ் லுக்கிங் ஃபார் த புக்" என்ற வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சீட்டில் எழுதி மேசையில் வரிசையாக வையுங்கள். ஃபார் எழுதிய சீட்டின் மேல் மாணவர் விரலை வைத்துக்கொள்ளட்டும். இப்போது "த புக்" சீட்டுகளை மட்டும் எடுத்து முன்னால் கொண்டுபோங்கள். விரலுக்கடியில் இருப்பது நகரவில்லை. பத்து வாக்கியங்களுக்கு இப்படிச் செய்தால் விரல் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

காதிலும் ஒரு காரணம் இருக்கிறது. வாக்கியத்தின் நடுவில் வரும் ஃபார் முழு ஒலியோடு வராது, "ஃபர்" என்று மெலிந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பானியர் காதுக்கு அது விழுவதேயில்லை. லுக் ஆட் என்பதில் வரும் ஆட் கூட அப்படித்தான் தேயும். அதனால் லுக் ஃபார், லுக் ஆட் இரண்டும் வெறும் "லுக்" என்றே பதிகின்றன. வாக்கியக் கடைசியில் வரும்போது மட்டும் ஃபார் முழுதாக ஒலிக்கும். ஆகவே கேட்டு எழுதும் பயிற்சிக்குப் பத்து வாக்கியம் எடுங்கள். ஐந்தில் லுக் ஆட், ஐந்தில் லுக் ஃபார். அவற்றில் பாதி கேள்விகளாக, அந்தச் சிறு சொல் கடைசியில் வருமாறு இருக்கட்டும். முதல் சுற்றில் நான்கைந்து தவறினால் கோளாறு காதில் இருக்கிறது, இலக்கணத்தில் இல்லை.

கடையில் வேலை செய்பவர் மாணவராக இருந்தால் ஒரு வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்லலாம். நனிக ஒஸகஷி தெஸு க என்று வாடிக்கையாளரிடம் கேட்பதற்கு "ஆர் யூ லுக்கிங் ஃபார் எனிதிங் இன் பர்டிகுலர்?"

அறிகுறி 3: "மை கீ இஸ் நாட் ஃபவுண்ட்", "மை கீ டஸ்ன்ட் ஃபைண்ட்"

இதைத் தமிழர் ஒருவர் புரிந்துகொள்வதுபோல் ஆங்கிலேயர் புரிந்துகொள்ள மாட்டார். ஜப்பானியத்தில் மிட்ஸுக்கெரு என்றால் கண்டுபிடி. மிட்ஸுக்கரு என்றால் கிடை, அகப்படு. ககி, அதாவது சாவி என்பதை எழுவாயாக வைத்து, "சாவி கிடைக்கவில்லை" என்ற பொருளில் மிட்ஸுக்கரனாய் என்பதே இயல்பான பேச்சு. தமிழிலும் சாவிதான் எழுவாய். தேடியவர் வாக்கியத்தில் வருவதே இல்லை. ஆங்கிலத்தில் "கிடை" என்பதற்கு நேராகப் பொருந்தும் எளிய வினை இங்கே வழக்கமில்லை. வழக்கமாக வருவது ஃபைண்ட், அதற்குத் தேடிய ஆள் எழுவாயாக வேண்டும்.

"டஸ்ன்ட் ஃபைண்ட்" என்றால் சாவி எதையோ கண்டுபிடிக்கவில்லை என்று ஆகிவிடும். "இஸ் நாட் ஃபவுண்ட்" இலக்கணப்படி நிற்கும், ஆனால் இணையப் பக்கம் இல்லாதபோது திரையில் வரும் 404 அறிவிப்பைப் போல இருக்கும். மனிதர் பேசுவதுபோல் இருக்காது. சரியானது "ஐ கான்ட் ஃபைண்ட் மை கீ". இதில் கான்ட் முக்கியம். மிட்ஸுக்கரனாய் என்பதில் "முடியவில்லை" என்ற பொருள் வெளியே தெரிவதில்லை, அதனால் "ஐ டோன்ட் ஃபைண்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். "கிடைக்கவில்லை" வரும் இடத்தில் எல்லாம் ஆளை முன்னால் கொண்டுவந்து கான்ட் போடு என்று ஒரே விதியாகக் கொடுங்கள். கிடைத்துவிட்டால் "ஐ ஃபவுண்ட் இட்!" செய்திகளில் மட்டும் "த பாய் வாஸ் ஃபவுண்ட் சேஃப்" என்பதுபோல், கண்டுபிடித்தவர் முக்கியமில்லாதபோது பொருளை எழுவாயாக வைக்கலாம்.

இதனோடு ஒட்டி வருவது "ஐ லுக்ட் ஃபார் இட், பட் இட் வாஸன்ட்". ஸகஷித கெதொ நகத்த, அதாவது "தேடினேன், இல்லை" என்பதன் நேர் பெயர்ப்பு. ஆங்கிலத்தில் "இல்லை" தனியாக நிற்காது. "இட் வாஸன்ட் தேர்" என்று இடத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது "ஐ குடன்ட் ஃபைண்ட் இட்" என்று ஆளைக் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, ஃபைண்ட் என்பதன் இறந்தகாலம் ஃபவுண்ட். "ஃபவுண்டட்" என்றால் நிறுவினேன் என்று பொருள். சாவியை யாரும் நிறுவுவதில்லை.

அறிகுறி 4: "ஐம் ஃபைண்டிங் எ ஜாப்"

இதற்கு ஜப்பானிய மொழியின் மேல் பழி போட வேண்டாம். ஸகஸு தேடும் செயல், மிட்ஸுக்கெரு அதன் முடிவு. தமிழில் தேடு, கண்டுபிடி என்று பிரிவதுபோலவே அங்கேயும் பிரிகிறது. ஃபைண்ட் என்பதை வேலை, வீடு, நண்பர் என்ற சொற்களோடு சேர்த்தே படித்துப் பழகியதில் அது தேடலுக்கும் பெயராகிவிட்டது. மாணவருடைய தாய்மொழியையே மருந்தாகப் பயன்படுத்துங்கள்: ஜப்பானியத்தில் அந்த இடத்தில் என்ன சொல்வாய் என்று கேட்டால் ஸகஷிதெ இரு என்பார். அப்படியானால் லுக்கிங் ஃபார்.

ஐயம் வந்தால் நேரத்தை வைத்துச் சோதிக்கலாம். "இரண்டு மணி நேரமாக" என்பது ஒட்டினால் லுக் ஃபார். "பத்து நிமிடத்தில்" என்பது ஒட்டினால் ஃபைண்ட். "இட் டுக் மீ டென் மினிட்ஸ் டு ஃபைண்ட் இட்" சரி. "ஐம் ஃபைண்டிங் இட் டிஃபிகல்ட்" என்ற தொடரைப் பார்த்து மாணவர் குழம்பக்கூடும். அங்கே ஃபைண்ட் என்பது "கஷ்டமாக உணர்கிறேன்" என்ற பொருளில் வருகிறது, தேடலோடு தொடர்பில்லை.

அறிகுறி 5: எல்லாவற்றுக்கும் செர்ச், அல்லது எல்லாவற்றுக்கும் இன்வெஸ்டிகேட்

ஷிரபெரு செய்யும் வேலை. அலுவலக ஆங்கிலத்தில் அதிகம் சங்கடப்படுத்தும் பிழை இதுதான், அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு காட்சி. வாடிக்கையாளர், "போன வாரம் அனுப்பிய ரசீதில் தொகை சரியா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் எழுதும் ஜப்பானிய ஊழியர் மனதில் ஓடுவது ஷிரபெதெ ஒகிமஸு, "பார்த்துவைக்கிறேன்" என்ற பணிவான வாக்கியம். அதை "ஐ வில் இன்வெஸ்டிகேட் யுவர் இன்வாய்ஸ்" என்று எழுதி அனுப்புகிறார். வாடிக்கையாளர் திகைத்துப்போகிறார், மோசடி ஏதோ நடந்து விசாரணை தொடங்குவதுபோல் இருக்கிறது. தேவைப்பட்டது "ஐல் செக்". அவ்வளவுதான்.

ஷிரபெரு என்று மனதில் வந்ததும் மாணவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை, இதே வரிசையில்:

பதில் ஏற்கெனவே எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? சொல்லின் பொருள், தொலைபேசி எண், ரயில் நேரம், முகவரி. அப்படியானால் லுக் அப். ஷூதென் என்ற கடைசி ரயிலின் நேரத்தைப் பார்ப்பது "லுக் அப் த லாஸ்ட் ட்ரெய்ன்".

இல்லை, நான் நினைப்பது சரிதானா என்று உறுதிசெய்கிறேனா? செக். கடை திறந்திருக்கிறதா, தொகை சரியா, கூட்டம் நாளையா. கடைசி ரயில் 12:10 என்று ஏற்கெனவே தெரியும், மாறிவிட்டதா என்று பார்க்கிறேன் என்றால் அதுவும் செக். ஒரே செயலிதான், ஒரே திரைதான். மனதில் பதில் முன்பே இருந்ததா என்பதுதான் வினையை மாற்றுகிறது.

காரணம் தெரியவில்லை, எங்கும் எழுதியும் இல்லை, நான்தான் போய்ப் பார்க்க வேண்டுமா? லுக் இன்டூ. "ஐல் லுக் இன்டூ இட்" என்பது புகாருக்குப் பதில் சொல்ல மிகப் பொருத்தமானது. அக்கறையும் இருக்கும், மிரட்டலும் இருக்காது. ஷிரபெதெ ஒகிமஸு என்பதற்கு அலுவலகத்தில் மிக நெருங்கி வரும் ஆங்கிலம் இந்த இரண்டு: செக், லுக் இன்டூ.

போலீஸ், விபத்து, ஊழல், அதிகாரபூர்வமான குழு இருந்தால் மட்டும் இன்வெஸ்டிகேட். மருத்துவரோ நிபுணரோ ஒரு பொருளைக் கிட்டத்தில் வைத்துச் சோதித்தால் எக்ஸாமின். மாதக்கணக்கில் படித்துத் தொகுத்தால் ரிசர்ச். பெயர்ச்சொல்லாக "டூ ரிசர்ச் ஆன்" என்று வரும். ஜப்பானியத்தில் ரிஸாச்சி என்ற இரவல் சொல் சந்தைக் கணக்கெடுப்பு முதல் மதிய உணவுக்கு நல்ல கடை பார்ப்பது வரை எல்லாவற்றுக்கும் லேசாகப் பயன்படுகிறது. அந்த லேசான பொருளோடு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் கனமாகிவிடும்.

இணையத்தில் தட்டிப் பார்ப்பதற்கு ஜப்பானியரே குகுரு என்று கூகுளை வினையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் கூகுள் வினையாக வரும், ஃபார் இல்லாமலேயே: "ஐ கூகுள்ட் இட்." குகுரு தெரிந்த மாணவருக்கு இது ஒரே நொடியில் பிடிபடும்.

அறிகுறி 6: "லுக் அப் த டிக்ஷனரி", "லுக் அப் இட்"

ஜிஷோ ஓ ஹிக்கு என்பது ஜப்பானிய மரபுத்தொடர். ஹிக்கு என்றால் இழு. அகராதியை இழுத்துப் பார்ப்பது. அகராதியே செயப்படுபொருள். ஆங்கிலத்தில் லுக் அப் என்பதன் செயப்படுபொருள் தேடப்படும் சொல்; அகராதி வெறும் இடம். "லுக் அப் த வேர்ட் இன் த டிக்ஷனரி." நம்முடைய "அகராதியில் பார்" அப்படியே பொருந்துகிறது. அகராதியையே செயப்படுபொருளாக வைக்க வேண்டுமானால் கன்ஸல்ட் என்ற வினை இருக்கிறது, எழுத்து நடைக்கு.

இட், தெம் போன்ற சுட்டுப்பெயர்கள் வந்தால் நடுவில்தான் அமரும்: "லுக் இட் அப்." இதைக் கற்றதும் சில மாணவர்கள் "லுக் இட் ஃபார்" என்றும் சொல்லத் தொடங்குவார்கள். இரண்டையும் வாயால் பிரித்துக் காட்டுங்கள். லுக் அப் என்பதில் அழுத்தம் அப் மேல் விழும். அழுத்தம் தாங்கும் சொல் கடைசிக்கு ஓடும். லுக் ஃபார் என்பதில் அழுத்தம் லுக் மேல். மெலிந்த ஃபார் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மேசையில் தட்டிச் சொல்லவைத்தால் விதி சொல்லாமலே வந்துவிடும்.

அறிகுறி 7: வினை சரி, ஆனால் எதிராளி தவறான உதவி செய்கிறார்

"ஐம் லுக்கிங் ஃபார் அம்ப்ரெல்லா" என்கிறார் மாணவர். ரயில் நிலைய ஊழியர் வெளியே இருக்கும் கடையைக் காட்டுகிறார். மாணவர் கேட்டதோ ரயிலில் விட்டுவந்த தன் குடையை.

ஸகஸு என்பதை இரண்டு கஞ்சி எழுத்துகளில், அதாவது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகளில், எழுதலாம். ஒன்று தன்கென் என்ற புதுநிலம் காணும் பயணத்தில் வருவது: இனிமேல் வேண்டியதைத் தேடும்போது, அதாவது வேலை, வீடு, புதுக் குடை. மற்றொன்று ஸோஸ என்ற போலீஸ் விசாரணையில் வருவது: இருந்து தொலைந்ததையோ தப்பிப்போனவரையோ தேடும்போது. இந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் எந்தெந்த வினை என்று மாணவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். வினையில் அந்த வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் லுக் ஃபார்தான். வேறுபாட்டைச் சுமப்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிச்சொல். "ஆன் அம்ப்ரெல்லா" என்றால் முதல் எழுத்து, வாங்க வேண்டும். "மை அம்ப்ரெல்லா" என்றால் இரண்டாவது எழுத்து, தொலைந்தது. ஒன்றும் போடாவிட்டால் எழுத்தே எழுதாமல் விட்டதற்குச் சமம். மாணவர்களுக்கு இது மனதில் நன்றாகத் தங்குகிறது, ஏனென்றால் கஞ்சியைத் தவறாக எழுதுவது அவர்களுக்கு உறுத்தும்; ஆன், த விடுபடுவது உறுத்தாது. உறுத்துகிற ஒன்றோடு இதைக் கட்டிவிடுங்கள்.

பயிற்சிக்கு வஸுரெமொனொ, அதாவது மறந்துவிட்டுப்போன பொருள்களின் கவுண்ட்டரை வகுப்பில் அமைக்கலாம். ஜப்பானியருக்கு இது நன்கு பழகிய இடம். கண்டெடுத்த பொருளைப் போலீஸிடம் ஒப்படைப்பதும், உரியவர் வராவிட்டால் 3 மாதம் காத்திருப்பதும் எல்லோருக்கும் தெரியும். 2007 டிசம்பரில் திருத்தப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அது 6 மாதமாக இருந்தது. ஒருவர் ஊழியர், மற்றவர் பயணி. "ஐம் லுக்கிங் ஃபார் மை அம்ப்ரெல்லா. ஐ லெஃப்ட் இட் ஆன் த ட்ரெய்ன்." மை சொல்லாமல் விட்டால் ஊழியராக நடிப்பவர் கடைக்குத்தான் வழி சொல்ல வேண்டும். இரண்டு முறை கடைக்குப் போனவர் மூன்றாம் முறை மறக்க மாட்டார்.

அறிகுறி 8: "ஐம் சீக்கிங் மை கிளாஸஸ்", "ஐம் ஹன்ட்டிங் எ ஜாப்"

சீக் என்பதற்குப் பின் கையில் பிடிக்க முடியாதவை வரும்: அட்வைஸ், ஹெல்ப், பெர்மிஷன், அசைலம். மொதொமெரு என்று ஜப்பானியத்தில் சொல்லும் இடம். மூக்குக் கண்ணாடிக்குப் போட்டால் பழங்கவிதை போல் ஒலிக்கும். ஃபார் சேர்க்க வேண்டாம். இறந்தகாலம் சாட். ஜப்பானியத்தில் "ஸி" ஒலி "ஷி" ஆகிவிடுவதால் "ஷீக்" என்று வரும், உச்சரிப்பையும் பாருங்கள். குழந்தைகளுக்குச் சொல்லித்தந்தால் கக்குரென்போ என்ற கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு ஹைட் அண்ட் சீக். தேடுகிறவர் அங்கே ஒனி, அதாவது அரக்கன். ஆங்கிலத்தில் அவர் வெறும் "இட்". அரக்கனை அப்படியே பெயர்த்துவிடுவார்கள்.

ஹன்ட் என்பதற்கு முதல் அறிகுறியில் சொன்ன அதே விதி. நேராக வந்தால் வேட்டையாடப்படும் விலங்கு. தேடும் பொருளானால் ஹன்ட் ஃபார். ஷூகட்ஸு என்ற வேலை தேடும் பருவத்தில் இருக்கும் கல்லூரி மாணவர் "ஐம் ஜாப்-ஹன்ட்டிங்" என்று ஒரே சொல்லாகச் சொல்லலாம். மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச் 1 முதல் நிறுவனங்கள் விளக்கக் கூட்டங்களைத் தொடங்கட்டும் என்பது அங்கே அரசு கேட்டுக்கொண்டிருக்கும் அட்டவணை. அந்த மாதங்களில் இந்தச் சொல் தினமும் வேண்டியிருக்கும். ஹெயஸகஷி என்ற வாடகை வீடு தேடலுக்கு ஹவுஸ்-ஹன்ட்டிங், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தாலும்.

அறிகுறி 9: "ஐ ஃபவுண்ட் அவுட் மை அம்ப்ரெல்லா"

ஃபைண்ட் அவுட் தகவலுக்கு மட்டும். வகத்த, "தெரிந்துவிட்டது" என்று சொல்லும் இடம். குடை ஃபைண்ட், குடையை எடுத்தது யார் என்பது ஃபைண்ட் அவுட். டிஸ்கவர் என்பதை நீங்களும் மாணவரும் கொஞ்சநாள் மறந்திருப்பது நல்லது.

அறிகுறி 10: "ஐம் லுக்கிங் ஃபார் இட் சின்ஸ் மார்னிங்"

ஸகஷிதெ இரு என்பது இப்போது தேடுவதையும், காலையிலிருந்து தேடிவருவதையும் ஒரே வடிவத்தில் சொல்லும். "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்பதும் அப்படித்தான், அதனால் தமிழ் ஆசிரியர் காதும் இதைத் தவறவிடும். காலம் தொடங்கிய இடமோ நீளமோ வாக்கியத்தில் இருந்தால் "ஐவ் பீன் லுக்கிங் ஃபார் இட்". தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ், நீளத்துக்கு ஃபார். "ஐவ் பீன் லுக்கிங் ஃபார் மை கீ ஃபார் டூ அவர்ஸ்" என்று இரண்டு ஃபார் வரும்போது மாணவர் ஒன்றை அடித்துவிடுவார். முதலாவது சாவிக்கு, இரண்டாவது நேரத்துக்கு என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

இரண்டு வாரம் கழித்து முதலில் திரட்டிய அதே 20 வாக்கியங்களைத் திருத்தம் இல்லாத வடிவில் மாணவரிடமே கொடுத்து, பேசிக் காட்டச் சொல்லுங்கள், எழுதவிடாதீர்கள். எழுத்தில் ஃபார் வந்து பேச்சில் விடுபட்டால் இரண்டாவது அறிகுறியில் உள்ள கேட்டு எழுதும் பயிற்சிக்குத் திரும்புங்கள். பேச்சில் வந்து மின்னஞ்சலில் இன்வெஸ்டிகேட் தலைகாட்டினால் ஐந்தாவதற்கு.